சுவரில்லாத வாசக்கால்

கீழவாஞ்சூர் போகிற சாலையில் லாரிக்காரர்கள் குளித்து, படுத்து எழுந்து போகிறார்களே, அந்தக் கூடம் நான் கட்டியது. குரும்பகரத்தில் நெல் மூட்டை அடுக்குகிற கிடங்கு நான் கட்டியது. அந்த மண்ணில் தண்ணீர் ஊறுகிறது, அஸ்திவாரம் நிற்காது என்று எல்லாரும் கையை விரித்த பிறகு கட்டியது. இன்றைக்கும் ஒரு விரிசல் காட்டுங்கள் பார்க்கலாம். மண்டபத்தூரில் சுனாமிக்குப் பிறகு எழும்பிய சுவர்களில் பூசுகிற என் கரணை படாத தெரு குறைவு. டவுனில் சொந்தமாகக் கல்யாண மண்டபம் இருக்கிறது. பக்கத்திலேயே கடைகள் வைத்த மாடிக் கட்டடம் இருக்கிறது. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதியில். மண் சட்டி சுமந்து ஆரம்பித்தவன். தூக்கிவிட ஆள் கிடையாது. கீழே இழுத்துவிட நிறைய பேர் இருந்தார்கள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. தெரியாதது ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஊருக்கு வாசக்கால் வைத்த கொத்தனார் காரைக்கால் முழுக்கத் தேடினாலும் நான் ஒருவன்தான்.

டீச்சருக்கு நினைவு மலர் போடுகிறோம், நாலு வரி எழுதித் தாருங்கள் என்று பிள்ளைகள் வந்து கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆள் இல்லை அவர். எழுதுகிறேன். ஆனால் டீச்சர் பேரை எழுத மாட்டேன். அட்டையில் நீங்கள் போட்டுக்கொள்வது உங்கள் பாடு. ஒருத்தர் பேரை எழுதுவதற்கு முன்னால் எழுதலாமா என்று அவரைக் கேட்கவேண்டும். எதையும் கேட்டே செய்து பழகியவர் விஷயத்தில் கேட்காமல் எப்படிச் செய்வது? இப்போது கேட்கவும் முடியாது.

முதல் தடவை அவரைப் பார்த்தது என் ஆபீஸ் வாசலில். என் ஆபீஸ் கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும். ஜல்லி லோடுக்காரன் வருவான், பெயிண்டர் வருவான், நேராக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான். அன்றைக்கு நான் போனில் ஒருத்தனைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் குடையோடு ஒரு அம்மா.

"உள்ள வரலாமாங்க?"

நான் கையைக் காட்டினேனா இல்லையா, ஞாபகம் இல்லை. திட்டி முடித்து போனை வைத்துவிட்டுப் பார்த்தால் அதே இடத்தில் அப்படியே நிற்கிறார். வெளியே தூறல். குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"கதவு தெறந்துதானே கெடக்கு, வர வேண்டியதுதானே?"

"தெறந்து கெடந்தாலும் உங்க ரூம் இல்லீங்களா."

நன்கொடைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது மாடியை. கடைகளுக்கு மேலே காலியாகக் கிடந்த நீள அறையை வாடகைக்குக் கேட்டார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"பிள்ளைங்களோட சேந்து ஒரு ஊர் கட்டப் போறோம்."

"மனை எங்க?"

"மனை இல்லீங்க. கம்ப்யூட்டர்ல."

"அப்ப சிமெண்டு வேணாம்."

"வேணாங்க. மாடி மட்டும் போதும்."

சிரிக்காமல் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிற பிள்ளைகள், படிப்பை நிறுத்திய பிள்ளைகளும் கொஞ்சம். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். திரைக்குள் ஒரு வெறும் தீவு, சுற்றிக் கடல். ஒவ்வொரு பிள்ளைக்கும், டீச்சருக்கும், அதற்குள் ஒரு பொம்மை. பிள்ளை சொன்னபடி அது நடக்கும், பறக்கும், கல் தூக்கி வைக்கும். வீடு கட்டவேண்டும், தெரு போடவேண்டும், தெருவில் சண்டை வந்தால் கூட்டம் கூட்டித் தீர்க்கவேண்டும். அளவு, கணக்கு, எழுத்து, நியாயம் எல்லாம் அதிலேயே வந்துவிடும் என்றார். கம்ப்யூட்டர் கொடுத்த வெளியூர் அறக்கட்டளைக்காரர்கள் அதை மெய்நிகர் உலகம் என்றார்கள். பிள்ளைகளுக்கு அது தீவு.

இதற்காகப் பள்ளிக்கூட வேலையையே விட்டுவிட்டு வந்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"இந்த வயசுப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு எடம் கெடையாதுங்க. வீட்ல ஒரே ரூமு. தெருவுல நின்னா ஏன் நிக்கிறேம்பாங்க. அவங்க எடம்னு சொல்லிக்க எங்கயாவது ஒண்ணு வேணும்."

அவருடைய குணம் என்று ஒன்றைத்தான் சொல்லவேண்டும். கேட்காமல் எதற்குள்ளும் நுழைய மாட்டார். பிள்ளையின் திரையைப் பார்க்க "பாக்கலாமா?" மவுஸைத் தொட "தொடலாமா?" டீக்கடை பெஞ்சில் இடம் காலியாகக் கிடந்தாலும் பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு வார்த்தை. என் கணக்குப்பிள்ளை வாய்க்கொழுப்புப் பிடித்த ஆள். ஒருநாள் கேட்டுவிட்டான்.

"டீச்சர், மாதா கோயிலுக்குப் போனாக்கூட கேட்டுட்டுத்தான் உள்ள போவீங்களா?"

"ஆமா, கேப்பேன். அவங்க இதுவரைக்கும் வேணாம்னு சொன்னதில்ல."

ஏன் இப்படி என்று நானும் ஒரு தடவை கேட்டேன். "நான் வளந்தது ஹாஸ்டல்ல. வரிசையாக் கட்டில். யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வந்து போர்வையத் தூக்கிப் பாப்பாங்க" என்றார். அதற்கு மேல் நான் தோண்டவில்லை.

காரைக்காலில் என்னை எல்லாரும் முதலாளி என்பார்கள். பெற்ற மகன்கூட மற்றவர்களிடம் பேசும்போது முதலாளி என்றுதான் சொல்வான். டீச்சர் ஒருத்தர்தான் என் விரல்களைப் பார்த்தார்.

"நீங்க கொத்து வேலை பாத்தவங்களா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பேசுறதுக்கு முன்னாடி சுவத்தத் தட்டிப் பாக்குறீங்க. மேஸ்திரின்னு கூப்பிடலாமா?"

அதையும் கேட்டார். வேலை பழகிய காலத்துக்குப் பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடுங்கள் என்றேன்.

இனி வாசக்கால் கதைக்கு வருகிறேன். என் பங்கு இங்கேதான் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள்.

ஒரு மத்தியானம் மாடிக்குப் போனேன். தீவில் வீடுகள் எழும்பியிருந்தன. நல்ல வேலைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். மண்டபத்தூர்ப் பொண்ணு ஒன்று, பத்தாம் வகுப்பு, கட்டுமரக்காரர் மகள். அது கட்டிய வீடு கடலைப் பார்த்து நின்றது. ஆனால் ஒரு வீட்டுக்கும் நிலை இல்லை. சுவரில் ஓட்டை விட்டிருந்தார்கள். பொம்மைகள் கூரை வழியாகப் பறந்து வந்து விழுந்துகொண்டிருந்தன.

"ஒரு வீட்டுக்கும் வாசக்கால் இல்ல. இது வீடா, லாரி ஷெட்டா?" என்றேன்.

"வாசக்கால் எதுக்கு தாத்தா? நாங்க பறந்துல்ல வர்றோம்" என்றது அந்தப் பொண்ணு.

"வாசக்கால் நிறுத்தாம சுவர் எழுப்புன வீட்ல நான் காலெடுத்து வைக்க மாட்டேன்."

"உங்க காலு இங்க வராது தாத்தா. மவுஸுதான் வரும்."

மாடியே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி சொல்றதுல ஏதோ இருக்கு. எல்லா வீட்டுச் சுவத்தையும் எடுத்துட்டு மொதல்லேருந்து ஆரம்பிக்கலாமா?"

பிள்ளைகள் முனகினார்கள். கூட்டம் போட்டார்கள், கை தூக்கினார்கள். சம்மதம் வந்தது. அவ்வளவு சுவரும் ஒரு நொடியில் காணாமல் போயிற்று. இடிக்கிற வேலை மட்டும் இவ்வளவு லேசாக இருந்தால் நான் இன்னொரு மண்டபம் கட்டியிருப்பேன்.

தரையில் சாக்பீஸால் வாசக்கால் வரைந்து காட்டினேன். பக்கத்துக்கு ஒரு கட்டை, மேலே ஒன்று, கீழே ஒன்று. இப்போது கட்டுகிற வீட்டில் கீழ்க்கட்டை வைப்பதில்லையே, தட்டுகிறது என்று எடுத்துவிடுகிறார்களே என்று ஒரு பிள்ளை கேட்டது.

"அது தட்டணும்டா. தட்டினாத்தான் வர்றவன் நிப்பான். நின்னு காலடியப் பாப்பான். அவன் அப்படி நிக்கிற நேரம் வீட்டுக்காரனோடது."

டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதிவைத்தார். எழுதலாமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான்.

நல்ல நாள் பார்த்து முதல் வாசக்கால் வைத்தோம். கட்டைக்கு அடியில் போட நவதானியம் வேண்டும் என்றேன். பிள்ளைகள் கலர் கலராகப் புள்ளி செய்து போட்டார்கள். மாவிலை செய்தார்கள். மேல் கட்டையில் மஞ்சள் துணி கட்டினார்கள். இனி மஞ்சள் குங்குமம் வைக்கவேண்டும். சுமங்கலிதான் வைப்பாள், அது வழக்கம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குள் டீச்சரின் பொம்மை கூட்டத்திலிருந்து நாலடி பின்னால் போய் நின்றது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். இந்த மாதிரி இடங்களில் பின்னால் நின்று பழகியவர் போலிருக்கிறது.

"டீச்சர், நீங்க வைங்க."

"நானா? வைக்கலாமாங்க?"

"இந்த ஊர்ல இன்னும் ஒரு கல்யாணமும் நடக்கல. சுமங்கலிக்கு நான் எங்க போவேன்? மேஸ்திரி சொல்றேன், வைங்க."

வைத்தார். மவுஸ் கொஞ்சம் இழுத்துவிட்டது, பொட்டு கோணலாக விழுந்தது. பிள்ளைகள் சரி செய்யட்டுமா என்று கேட்டார்கள். நான் தொடக்கூடாது என்றுவிட்டேன். அது கோணலாகவேதான் இருக்கிறது.

மற்ற வீடுகளுக்கும் பிள்ளைகளே வாசக்கால் நிறுத்தி முடித்தார்கள். அதற்கடுத்த வாரம் காலாண்டுப் பரீட்சை வந்துவிட்டது. சுவர் எழுப்ப ஒருத்தருக்கும் நேரமில்லை. தீவு முழுக்க வெட்டவெளியில் வாசக்கால்கள் மட்டும் நின்றன. சுற்றிச் சுவர் இல்லை, மேலே கூரை இல்லை. டீச்சர் தினமும் அதற்குள் போனார். ஒவ்வொரு வாசக்காலுக்கு முன்னாலும் பொம்மையை நிறுத்தி, "வரலாமா?" என்று எழுதிவிட்டுக் காத்திருந்தார். படிப்புக்கு நடுவில் எட்டிப்பார்த்த பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

"டீச்சர், சுவரே இல்ல. பக்கத்தால வாங்க."

"வாசக்கால் இருக்குல்ல. சொல்லு, வரலாமா?"

"வாங்க டீச்சர்."

வந்தால்தான் அடுத்த பேச்சு. இல்லாத சுவருக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த மனுஷியை நான் பார்த்ததில்லை. பரீட்சை முடிந்து சுவர் எழும்பியபோது ஒரு பிள்ளையும் பறந்து இறங்கவில்லை. யாரும் தடை போடவில்லை. அவர்களாகவே வாசலில் நின்றார்கள்.

மண்டபத்தூர்ப் பொண்ணின் அப்பா ஒருநாள் கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன எழவு பாடம் நடத்துறீங்க முதலாளி? எங்க வீட்ல ஒரு சேலைய மறைப்பாக் கட்டி வச்சிருக்கு. நான் வெளிய நின்னு, அம்மாடி உள்ள வரலாமான்னு கேட்டாத்தான் பதிலே சொல்லுது." குறை சொல்கிற மாதிரிதான் பேசினார். முகத்தைப் பார்த்தால் குறை மாதிரித் தெரியவில்லை.

பிறகு அறக்கட்டளைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். பிடித்திருந்தால் அடுத்த வருஷமும் உதவி உண்டு. அன்றைக்கு மாடியில் நானும் இருந்தேன். அவர்களில் பெரியவராக வந்தவர் தங்கமான பேச்சுக்காரர். கடலைப் பார்த்த அந்த வீட்டை உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்பட்டார். டீச்சர் பொம்மையை வாசக்காலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "வரலாமா?" என்று எழுதினார்.

பொண்ணு எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது. தலையைத் தூக்கவில்லை. திரையில் பதில் வந்தது. "இன்னைக்கு வேணாம்."

அந்த ஊருக்கே சாவி டீச்சர் கையில்தான். எந்தச் சுவரிலும் அவர் நுழையலாம். அவருக்கு மட்டும் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது, பெரியவருக்கும் அது தெரியும்.

"நீங்க உள்ள போலாமே மேடம். உங்களுக்குத்தான் அனுமதி இருக்கே."

"எனக்கு அனுமதி குடுக்க வேண்டியது அவங்க. வேணாங்குறாங்க."

"டீச்சரையே வாசல்ல நிறுத்துறதுதான் இங்க பாடமா?"

"பாடம் இப்பத்தாங்க ஆரம்பிச்சிருக்கு."

டீச்சர் அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் எந்நாளும் பார்த்ததில்லை. பொண்ணு ஏன் வேண்டாம் என்றது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காமலே இருந்ததும் அவர் குணத்தில் சேர்த்திதான். பெரியவர் டீ குடிக்காமல் இறங்கிப் போனார். அடுத்த வருஷ உதவி வரவில்லை.

"இனிமே எப்படி நடத்துவீங்க?" என்றேன்.

"தெரியலீங்க மேஸ்திரி. மாடியக் காலி பண்ணணும்னா சொல்லிடுங்க."

"மாடிய யாரு கேட்டா? நீங்க நடத்துங்க."

அன்றிலிருந்து மாடிக்கு வாடகை இல்லை. கரண்டும் என்னுடையதுதான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

கடைசியாக அவரை நான் முகத்துக்கு முகம் பார்த்தது மாடிப்படியில். பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன டீச்சர், ஏறலாமான்னு படியவும் கேக்குறீங்களா?"

"ஆமா மேஸ்திரி. இன்னைக்கு அது வேணாங்குது."

நல்ல கேலி என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. நோய் முற்றியபிறகுதான் மற்றவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கதவு என்று பேர், யாருக்காகவும் அது மூடுவதில்லை. நர்ஸ் வருகிறாள், ஊசி போடுகிறாள், துணியை விலக்குகிறாள். கூட்டிப் பெருக்குகிறவர் வருகிறார். சொந்தக்காரர்கள் கும்பலாக வந்து கட்டிலைச் சுற்றி நின்று அழுகிறார்கள். ஒருத்தராவது கேட்கவேண்டுமே. நான் வாசலில் நின்றேன். கட்டிலை மறைத்து ஒரு பச்சைத் திரை.

"டீச்சர், மேஸ்திரி வந்திருக்கேன். உள்ள வரலாமா?"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மெலிந்திருந்தாலும் அவர் குரல்தான்.

"இன்னைக்கு வேணாம், மேஸ்திரி."

வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன். கேட்டேன். வேண்டாம் என்றார். அதற்குப் பிறகும் போனேன். மெலிந்து கிடப்பதை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்திருப்பார். அல்லது வேறு ஏதாவது இருக்கும். காரணம் நான் கேட்கவில்லை. ஒருநாள் திரைக்குப் பின்னாலிருந்து, "மேஸ்திரி, இன்னும் அங்கதான் இருக்கீங்களா?" என்றார். "இருக்கேன் டீச்சர்" என்றேன். "சரி" என்றார். எனக்கு அவர் கடைசியாகச் சொன்னது அந்தச் சரிதான்.

அதற்கடுத்து நான் கேட்டபோது பதிலே வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நர்ஸ் என்னைப் பார்த்து, "அவங்களுக்கு நினைவில்லைங்க, நீங்க போய்ப் பாருங்க" என்றாள். பதில் வராத வாசலில் நான் எப்படி நுழைவது? நிற்கத்தான் நின்றேன்.

இறந்த பிறகு அவர் வீட்டில் சவப்பெட்டியில் வைத்திருந்தபோதும் ஊரே உள்ளே போய்வந்தது. நான் வாசக்காலுக்கு இந்தப் பக்கம். கணக்குப்பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தான்.

"முதலாளி, முகத்த மூடப் போறாங்க. இப்ப பாக்காட்டி எப்பப் பாப்பீங்க?"

"வேணாம்னுட்டாங்கடா."

"செத்தவங்க என்னத்தச் சொல்லப் போறாங்க?"

"உசுரோட இருக்கயில சொன்னாங்க. மாத்திச் சொல்லல."

மண்டபத்தூர்ப் பொண்ணு உள்ளேயிருந்து வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டது. பெட்டி கோயிலுக்குப் போனபோது நாங்கள் இரண்டு பேரும் எல்லாருக்கும் கடைசியில் நடந்தோம்.

பார்த்திருக்கலாமே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். இந்த வயதில் எனக்கு மறக்க முடியாத முகம் என்று அதிகம் இல்லை. ஆனால் காரைக்காலில் அவர் சொன்ன வேண்டாமுக்கு மதிப்புக் கொடுத்தவன் நான் ஒருவன்தான். நான் கட்டிய கட்டடங்களில் இதைச் சேர்க்க முடியாது. சேர்த்தால் இதுதான் முதலில் நிற்கும்.

இனி மலர் விஷயம். அச்சுக்குப் போகிற பக்கங்களைக் கொண்டுவந்து காட்டினீர்கள். அச்செழுத்து பொடியாக இருந்ததால் பேரனை விட்டுப் படிக்கச் சொன்னேன். என் பேர் கடைசிப் பக்கத்தில், மாடி தந்து உதவிய வள்ளல் என்று, பெரிய எழுத்தில், போட்டோவோடு இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். மாடி தருகிற வள்ளல் இந்த ஊரில் தெருவுக்கு ஒருத்தன் இருக்கிறான்.

நடுப்பக்கத்தில், தீவில் யார் யார் எதைக் கட்டினார்கள் என்று பிள்ளைகள் பேர் போட்டிருக்கிறீர்கள். கலங்கரை விளக்கம் கட்டிய பிள்ளை, மீன் ஏலக்கூடம் கட்டிய பிள்ளை, கடலைப் பார்த்த வீடு கட்டிய பொண்ணு. என் பேர் அங்கே வரவேண்டும். பிள்ளைகளோடு பிள்ளையாக, சின்ன எழுத்தில் போதும். எதிரில் வாசக்கால் என்று எழுதுங்கள். பேருக்கு முன்னால் முதலாளி வேண்டாம், மேஸ்திரி என்று போடுங்கள். என் பேரைப் போட யாரையும் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்கிறேன்.

யாராவது எதிர்த்துப் பேசினால் தீவைத் திறந்து காட்டுங்கள். கோணல் பொட்டு வைத்த வாசக்கால் இன்னும் நிற்கிறது. அந்த ஊரில் டீச்சர் நின்ற இடம் எல்லாமே நான் வைக்கச் சொன்ன வாசக்காலுக்கு முன்னால்தான். அதைப் போடாமல் மலர் வெளியே வரக்கூடாது.